கலவன் என்று பிடுங்கிய செடி

பங்குனி வெயிலில் செஞ்சிக்குப் போகாதீர்கள் என்று எல்லாப் பயணக் குறிப்புகளும் சொல்லும். நான் இந்தப் பங்குனியில்தான் போனேன். ராஜகிரிக் கோட்டை மலை ஏற அல்ல, ஐந்து பயறுச் செடிகளின் இலையைப் பறித்துவர. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். மஞ்சள் தேமல் நோய் வந்தால் பச்சைப்பயறு வயலே மஞ்சளாகிவிடும். அதைத் தாங்கும் மரபணு சில உளுந்து ரகங்களில் இருக்கிறது. அதைப் பயறுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் ஆராய்ச்சி. பயறும் உளுந்தும் வேறு வேறு இனம் என்பதால் கலந்தாலும் விதை பிடிப்பது அபூர்வம். பிடித்த செடிக்குள் உளுந்தின் மரபணு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த மரபணுவை ஒட்டியே வரும் ஒரு டிஎன்ஏ அடையாளம் உண்டு. மார்க்கர் என்போம். இலையைச் சோதித்து அது தென்பட்டால் மரபணுவும் வந்திருக்கிறது என்று நம்பலாம்.

கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் செஞ்சி சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். காலை பஸ்ஸில் வலதுபக்கம் உட்காருங்கள், வெயில் படாது. அங்கிருந்து சிங்கவரம் நான்கு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து ஆட்டோ பிடித்தேன். கோட்டைக்கா என்றார் ஓட்டுநர். பயறு வயலுக்கு என்றேன்.

வயல் சுமதி அக்காவுடையது. இரண்டு வருடமாகத் தேமலில் மொத்தப் பயறும் போய், மாட்டுக்கு அறுத்துப் போட்டவர். எங்கள் கலப்புச் செடிகளுக்கு இரண்டு வரிசை இடம் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: நோய் தாங்கும் செடி கிடைத்தால் முதல் விதை அவருக்கு. மாசியில் விதைத்தோம். சுற்றிலும் மஞ்சளடித்தபோது ஐந்து செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. இலை கொஞ்சம் நீண்டு, கொடி படர்ந்து, பார்க்க லட்சணமில்லாத செடிகள். ஐந்திலும் எண் எழுதிய அட்டை கட்டிவிட்டு வந்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் வரிசை சீவி விட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. ஐந்தும் இல்லை.

பிடுங்கியவர் முருகவேல், எங்கள் திட்டத்தின் வயல் மேற்பார்வையாளர். பல வருடம் விதைப்பண்ணையில் இருந்தவர். அங்கே ரகத்துக்கு மாறாகத் தெரியும் செடியைக் கலவன் என்று பிடுங்கி எறிவதுதான் அன்றாட வேலை. திட்டத் தலைவர் பார்வையிட வருகிறாரே என்று இங்கேயும் அதையே செய்திருக்கிறார்.

"கலவன் நின்னா வயல் அசிங்கமா இருக்கும் மேடம். போட்டோ எடுப்பாங்க இல்ல?"

கலவனை உண்டாக்கத்தானே ஐயா இத்தனை பாடு என்று கத்தினேன். அட்டை கட்டியிருந்ததே என்றேன். அட்டை இருந்ததால்தான் பிடுங்கவேண்டிய செடி எதுவென்று சுலபமாகத் தெரிந்தது என்றார். அறையலாம் போலிருந்தது. தலைவருக்குப் போன் போட்டேன். தான் வந்து பார்த்தபோது வயல் நன்றாக இருந்ததாகவும் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவருக்கு என்ன, பட்டம் வந்துகொண்டேதான் இருக்கும்.

நான்கு செடிகளை மாடு தின்றிருந்தது. வரப்போரம் ஒன்று மட்டும் கிடந்தது, வாடி, பிஞ்சுக் காய்கள் சுருங்கி. அதில் விதை எடுக்க வழியில்லை. இலையை மட்டும் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு சென்னை வந்தேன்.

செஞ்சி போகிறவர்களுக்கு: மலை ஏறுவதானால் காலையிலேயே ஏறிவிடுங்கள், குரங்குக்குத் தெரியாமல் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் ஆராய்ச்சிச் செடி வைத்திருப்பவர்களுக்கு: அட்டையை நம்பாதீர்கள். பெரிய மனிதர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் போய் நில்லுங்கள்.

மார்க்கர் சோதனை முடிந்தது. அந்த இலையில் உளுந்தின் அடையாளம் தெளிவாக இருந்தது. சுமதி அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"இருந்துச்சுன்னு தெரிஞ்சிக்கினு நான் இன்னா மேடம் பண்றது? வெதை இருக்குதா?"

இல்லை என்றேன். ஆடிப் பட்டத்துக்கு அவர், தேமல் தாங்காத அந்தப் பழைய ரகத்தையே விதைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறார்.