பிலோமின் அம்மாவும் பின்வாசல் முதலையும்

நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காகக் காத்திருந்தபோது செந்திலின் அழைப்பு வந்தது. "வக்கீல் மேடம், பிலோமின்மா போயிட்டாங்க. காலைல கோயிலுக்குக் கெளம்பி நாற்காலில உக்காந்தவங்கதான், எழுந்திரிக்கல" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். செந்தில் வைத்திக்குப்பம் பக்கம் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். பிலோமின் அம்மாவுக்கு உறவினரும் இல்லை, ஒரே தெருக்காரரும் இல்லை. செந்திலின் வீட்டில் இருந்த ஒரு பெரிய மலைப்பாம்பு காரணமாக ஏற்பட்ட பழக்கம் அது. அதைச் சொல்ல, முதலில் முதலையைச் சொல்ல வேண்டும்.

ரெட்டியார்பாளையத்தில் பிலோமின் அம்மாவின் வீட்டு மாடியில் நானும் என் மகள் யாழினியும் குடியிருந்தோம். அவர் கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். நான் குடிபோவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் அந்த்ரே வேலைக்காகப் பிரான்சுக்குப் போய்விட, அம்மா கீழே தையல் இயந்திரத்தோடு தனியாக இருந்தார். பள்ளி விட்டு வரும் யாழினி நேராக அவரிடம்தான் போவாள். நான் நீதிமன்றத்திலிருந்து வரும் வரை துண்டுத் துணிகளைப் பொம்மைகளுக்குச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருப்பாள். பின்வாசல் தகரக் கதவு எப்போதும் பூட்டிக் கிடக்கும். "பின்னால ஒரே பூரான்" என்பார் அம்மா. நம்பினேன்.

ஓர் ஆண்டு ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர். விடிந்ததும் அம்மா மாடிக் கதவைத் தட்டினார். முட்டி வரை நனைந்திருந்தார்.

"மாலதி, கொஞ்சம் கீழ வாம்மா. பாப்பா மேலயே இருக்கட்டும். நீ பயப்படக்கூடாது."

பின்வாசலில் அவர் தொட்டி என்று கட்டியிருந்த இடம் தண்ணீரில் முக்கால்வாசி முழுகியிருந்தது. அதன் ஓரத்தில், மட்டை போலக் கிடந்த ஒன்று மெல்ல வாலை அசைத்தது. நாலடிக்குக் குறையாத முதலை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த கெய்மன் என்ற வகை. அந்த்ரே கல்லூரியில் படித்தபோது கைக்குள் அடங்கும் குட்டியாக யாரிடமோ வாங்கி, பிரெஞ்சில் சின்னது என்று பொருள்பட 'பெத்தி' என்று பெயர் வைத்தானாம். பெத்தி வளர்ந்தது, அவன் விமானம் ஏறினான். அன்றிலிருந்து கோழிக்கழிவு வாங்கி வந்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தவர் இவர்.

இன்னும் ஒரு முழம் ஏறினால் தொட்டிச் சுவருக்கு மேல் தண்ணீர் போய்விடும். பக்கத்துச் சந்தில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் கூச்சலிட்டு விளையாடும் சத்தம் கேட்டது. நான் கைப்பேசியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வனத்துறைக்கா? வேணாம்மா. என் புள்ள மேல கேஸ் போட்டுருவாங்க. அவன் இங்க வரவே முடியாது."

"பிலோமின்மா, அந்தப் பக்கம் புள்ளைங்க வெளையாடுது."

அவர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு என் கையை விட்டார். "போடும்மா போன."

ஆட்கள் வரும் வரை மதிலின் உடைந்த பகுதியை ஒரு கட்டில் பலகையால் அடைத்து, அதில் முதுகைச் சாய்த்து நின்றார். நான் சந்துக்கு ஓடிப் பிள்ளைகளை வீடுகளுக்குள் அனுப்பினேன். வனத்துறையினர் கயிறோடு வந்தபோது, "கண்ண ஈரத்துணியால மூடிடுங்க, அடங்கிடும்" என்று அவர்தான் சொன்னார். வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது, "பாத்து, பாத்து" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலை என் பயமெல்லாம் கோபமாக மாறியது. என் மகள் தினமும் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்த வாய்க்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். வாரக்கணக்கில் யாழினியைக் கீழே அனுப்பவில்லை. படிக்கட்டில் பார்த்தாலும் பேசாமல் போனேன். ஒரு நாள் அவரே முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்து, வாசலிலேயே நின்றார்.

"நீ கோவப்படறது நியாயம். நான் தெனம் அந்தக் கதவ நாலு தடவ இழுத்துப் பாத்துட்டுதான் படுப்பேன். அப்பவும் தூக்கம் வராது. வெளிய சொல்லத்தான் தெகிரியம் வரல."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வனத்துறை விசாரணை அதற்குள் முடிந்திருந்தது. தானாகத் தெரிவித்ததால் எச்சரிக்கையோடு விட்டிருந்தார்கள். அந்த்ரே மட்டும் விடவில்லை. "ஏம்மா சொன்ன?" என்று கத்தினவன் பிறகு அழைப்பதையே நிறுத்திவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான், அபாயமான வெளிநாட்டு விலங்குகளைத் தனியார் வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்று ஒரு சட்ட முன்வரைவு வந்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டமும் அறிவித்தார்கள். அதற்காக நான் என் கருத்தை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அங்க நானும் பேசலாமா?" என்று கேட்டார். வேண்டாம், ஊரே உங்களைப் பேசும் என்றேன். "இப்ப மட்டும் பேசாமலா இருக்குது?" என்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவருக்கு முன்னால் பேசிய ஒருவர், தான் வளர்க்கும் வெளிநாட்டு ஓணான்களையும் பாம்புகளையும் பற்றி உருக்கமாகச் சொன்னார். "பெத்த புள்ள மாதிரி வளக்கறோம். சட்டம் போட்டுப் பிரிக்கறீங்களே" என்றார். கைதட்டல் விழுந்தது. அடுத்து பிலோமின் அம்மா. ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நானும் புள்ள மாதிரிதாங்க வளத்தேன். அது என்ன அம்மான்னு நெனைக்கல. கோழி போடற கைன்னு நெனச்சிச்சி. அது மேல தப்பு இல்ல. அது மொதல. அதுக்கு ஆறு வேணும், என் வீட்டுப் பின்வாசல் இல்ல."

அவர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

"சட்டம் கண்டிப்பா வேணும் ஐயா. ஆனா கொண்டாந்து குடுக்கறவங்களையே மொதல்ல புடிச்சி உள்ள வெச்சீங்கன்னா யாரும் வர மாட்டாங்க. ராவோட ராவா ஊசுட்டேரில உட்டுட்டுப் போயிருவாங்க. நானே அப்படி நெனச்சவதான். ஆட்டோவுக்குக்கூடச் சொல்லி வெச்சேன். அங்க தண்ணில எறங்கி மீன் புடிக்கறவங்கள நெனச்சிதான் அத செய்யாம உட்டுட்டேன். பயந்து கெடக்கறவங்களுக்கு ஒரு வாசல தொறந்து வைங்க."

அதிகாரி ஒருவர் பேனாவை எடுத்ததைப் பார்த்தேன். திருத்தி வெளியிட்ட முன்வரைவில், குறிப்பிட்ட காலத்துக்குள் தாமாக ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கு இல்லை என்று ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. அவர் பேச்சினால்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை வாசித்துக் காட்டியபோது, "நல்ல புத்தி வந்துச்சி பாரு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறும் என்று அவர் கடைசிவரை நம்பினார், நானும் நம்புகிறேன்.

கூட்டம் முடிந்த மறுவாரமே செந்தில் வந்தார். கல்யாணத்துக்கு முன்பு ஆசையாக வாங்கிய மலைப்பாம்பு. இப்போது மனைவி கர்ப்பம். கொல்லவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயம். அம்மா அவர் வீட்டுக்கே போய், அவர் மனைவியிடம் உட்கார்ந்து பேசி, வனத்துறை அலுவலகத்துக்குத் துணையாகவும் போனார். பிறகு ஒருவர் வழியாக ஒருவராக, கனகசெட்டிக்குளம் வரைக்கும் அவர் எண் போய்ச் சேர்ந்தது.

அந்த்ரேயும் போன கிறிஸ்துமஸுக்கு வந்தான். தாயும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலைக் காப்பகத்தில் பெத்தியைப் பார்க்க இருவரும் ஒன்றாகப் போனார்கள், யாழினியையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்து அம்மா சிரித்தபடி என்னிடம் சொன்னார்: "மத்த மொதலைங்களோட தண்ணில கெடக்குது. கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. நல்லா இருக்குதும்மா."

அடக்கத்தன்று கோயிலில், அவரிடம் துணி தைத்தவர்களுக்கு நடுவே எனக்கு முகம் தெரியாத சிலர் தயங்கி நின்றார்கள். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. செந்தில் கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

பிலோமின் அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்று உண்டு. அவரை அழைப்பவர்கள் எல்லோரும் "எங்க வீட்டுல இல்லீங்க, தெரிஞ்சவங்க வீட்டுல" என்றுதான் தொடங்குவார்கள். அவர் கைவேலையாக இருக்கும்போது நான் எடுத்தால், வக்கீல் புத்தியில் உடனே பெயரையும் விலாசத்தையும் கேட்பேன், இணைப்பு துண்டிக்கப்படும். அவர் கேட்க மாட்டார். "சரி, அந்தத் தெரிஞ்சவங்க சாப்ட்டாங்களா? தூங்கறாங்களா?" என்பார்.

இப்போது என்னிடம் இருக்கும் அவர் கைப்பேசியில் போன வாரம் ஓர் அழைப்பு வந்தது. பெண் குரல். தெரிந்தவர் வீட்டில் ஒன்று இருக்கிறது, பெரிதாகிவிட்டது, என்ன செய்வது என்றாள். எழுதுவதற்காக எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தெரிஞ்சவங்க ராத்திரில தூங்கறாங்களாம்மா?"

அவள் சொன்னாள்: "இல்ல மேடம். எங்க வீட்டுலதான் இருக்குது. நாளைக்கு வரட்டுமா?"