மாமா சொருகிவிட்டுப் போன பெட்டி

எங்கள் மாமாவை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதில் முதல் ஆள் எங்கள் அப்பா. அம்மாவின் ஒரே தம்பியான மாமா, ஒருமுறை கற்றாழை பயிரிட்டு, வாங்க ஆளில்லாமல் எல்லாவற்றையும் வரப்பில் பிடுங்கிப் போட்டவர். எனக்கு மட்டும் அவர்தான் உலகத்திலேயே பெரிய அறிவாளி. சின்னசேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். வெறுங்கையோடு வந்ததே கிடையாது.

நான் மூன்றாவது படித்த வருஷம், சித்திரை வெயிலில் வந்து இறங்கியவர் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரியும், வேறு ஒன்றும் செய்யாது.

"சும்மா சொருகி வுட்டா போதுங்க்கா. கரண்ட் பில்லு பாதியாயிடும்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "கற்றாழைக்கும் இப்படித்தான் சொன்ன மச்சான். ரீடிங் எடுக்க வரட்டும். கம்மியா வந்தா நானே உன்ன கெட்டிக்காரன்னு சொல்றேன். வரலன்னா இந்த வூட்டுல யாவாரப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். மாமாவின் முகம் சுண்டிப்போனது. அடுப்படியிலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் மட்டும் தன் பம்புசெட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், குறைப்பதற்குப் பில்லே கிடையாது என்பது அவருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அதை எங்கே மாட்டலாம் என்று வெகுநேரம் மும்முரமாகப் பேசினார்கள்.

மறுநாளிலிருந்து அம்மாவின் போக்கு மாறியது. அப்பா மரவள்ளிக் காட்டுக்குக் கிளம்பியதும் பிரிட்ஜை நிறுத்துவாள், அவர் திரும்பும் நேரம் பார்த்துப் போடுவாள். கிரைண்டரை மூலையில் தள்ளிவிட்டு, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி மாவரைத்தாள். மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டு, "உள்ள புழுங்குது, வா" என்று என்னைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போவாள். ஃபேனை நிறுத்தினால் புழுங்காமல் என்ன செய்யும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்வேன். முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே இருப்பாள், அவள் கழுத்தில் வேர்வை வழியும். அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ரீடிங் எடுப்பவர் வந்து மீட்டர் அட்டையில் குறித்துவிட்டுப் போனார். பில் நிஜமாகவே பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அப்பா சொன்ன சொல் தவறாதவர். மாமாவுக்குப் போன் போட்டு, கஷாயம் குடித்த முகத்தோடு, "நீ கெட்டிக்காரன்தான் மச்சான்" என்றார். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமா வந்துவிட்டார். அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தவர், தன் இலையில் சோறு விழுவதற்குள் விஷயத்தை ஆரம்பித்தார். "மாட்ட வித்துட்டு பெட்டி எடுக்கப் போறேங்க்கா. கல்வராயன் மலைமேல எவனும் இத கொண்டுகினு போகல. வூடு வூடா போய் வித்துடுவேன். உங்க மீட்டர் அட்டைய மட்டும் குடு. அத காட்டுனா எவனும் மறுபேச்சு பேச மாட்டான்."

மாமா வீட்டில் இருந்த அந்த ஒரு கறவை மாட்டின் பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் அத்தை குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அட்டைய தர மாட்டேன்" என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"என் வூட்டு அட்டைய ஊர் ஊரா காட்டக் கூடாது. நீ இதுவரைக்கும் யாவாரம் பண்ணி கிழிச்சது போதும். மாட்ட வித்தின்னா என் மூஞ்சில முழிக்காத."

மாமா இலையைத் தள்ளி வைத்தார். "நான் நல்லா வந்தா உனக்கே பொறுக்கல இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அக்கா வீட்டில் இரண்டாம் சோறு வாங்காமல் எழாதவர், ஒரு வாய்கூட சாப்பிடவில்லை. அப்பாவே எச்சில் கையோடு தெருவரைக்கும் போய்க் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அட்டை இல்லாமல் மலையேற மாமாவுக்குத் தைரியம் வரவில்லை. மாடு கொட்டகையிலேயே நின்றது. அந்தப் பொங்கலுக்கு அவர் சீர் கொண்டுவரவில்லை. அடுத்த பொங்கலுக்குக் கரும்போடு வந்தபோது அக்காவும் தம்பியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டு மீட்டர் நாம் செலவழிக்கும் யூனிட்டைத்தான் எண்ணும், அந்தப் பெட்டியால் அதைக் குறைக்க முடியாது, அதன் விளக்கு எரியவே கொஞ்சம் கரண்ட் வேண்டும் என்பதெல்லாம் நான் பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா முன்னால் தம்பி மறுபடியும் ஏமாளி ஆவான், சொல்லாவிட்டால் மாடு போய்விடும். அம்மா பொறாமைக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டாள்.

மாமா சாப்பிடாமல் போன அன்றைக்கு எனக்கு அவள்மேல் ஆத்திரமான ஆத்திரம். மாமா பஸ் ஏறிய பிறகு அம்மா கூடத்துக்கு வந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். அதன் அடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஆத்திரமெல்லாம் போய்விட்டது. கோடை முழுக்க ஃபேனை நிறுத்தி நிறுத்தி வைத்தவளாயிற்றே, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா. அதான் மாமா பெட்டி இருக்குதில்ல. எவ்ளோ ஃபேன் போட்டாலும் பில்லு ஜாஸ்தி வராது" என்றேன்.