அது எங்கே இருக்கு?

பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களுக்கு இரண்டு நாள் ஓய்வு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மெல்பர்னில் மகளுக்குப் பிரசவம். அங்கே என் மனைவி போகவேண்டும். டோக்கியோவில் மகன் வீட்டில் ஐந்து வயதுப் பேரன். மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள், அதனால் பையனைப் பார்த்துக்கொள்ள நான் போகவேண்டும். மதுரையிலிருந்து கிளம்பும் எங்கள் இருவருக்கும் கோலாலம்பூர் வரைக்கும் வழி ஒன்றுதான். அதற்கப்புறம் அவள் தெற்கே, நான் வடக்கே, மூன்று மாதம். நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் அறை போட்டு, "ரெண்டு பேரும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள். என் மனைவியின் இரண்டு பிரசவங்களைத் தவிர, கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்து இருந்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்குச் சரி சொன்னது நான். "அவனுக்கு அம்மாவைத் தேடும்ப்பா. ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஆள் இல்லைன்னா அழுவான். நீங்க வந்தா நல்லாருக்கும்" என்று மகன் போனில் சொன்னபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு ஓகேப்பா" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வெளியே வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் "ம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த 'ம்' ஒரு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

அறைக்குள் வந்ததும் அவள் கதவின் கைப்பிடியில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டையை மாட்டினாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போவதை எத்தனை தடவைதான் பார்ப்பது?

"சார்ஜர் எங்கே இருக்கு?"

"நீலப் பை. இடது பக்க ஜிப்பு."

"என் மாத்திரை?"

"சார்ஜருக்குக் கீழே."

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். அங்கேயும் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்க வேறொருவர் இருந்தார். சாயங்காலம் கீழே போய் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். பூக்கடை ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்த தெருவில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அப்போதும் அதே போர்வை, அதே முதுகு. சேர்ந்து இருக்கக் கிடைத்ததே இரண்டு நாள், அதையும் இப்படித் தூங்கியே தீர்க்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் ஒரு பிடிவாதம் பிடித்தேன். சொல்லாமல் எங்காவது தூரமாகப் போய்விடுவது. அவள் பதறிப்போய் எனக்குப் போன் செய்யவேண்டும். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "கிள்ளான் போங்க அங்கிள், சென்ட்ரல்ல டிரெயின் இருக்கு. அங்கயும் நம்ம ஆளுங்க கடைதான்" என்றாள்.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாம் பெண்கள் என்று தெரிந்தது. எதிரே இருந்த ஒரு பெண்மணி ஜன்னலில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புத் தாளைக் காட்டினார்.

"அங்கிள், இது லேடிஸ் கோச்சு. ஆன்டி கூட வரலையா?"

"இல்லைங்க, தெரியாம ஏறிட்டேன்."

"பரவால்ல லா. அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்குங்க."

காது சூடாகிவிட்டது. எந்தப் பெட்டியில் ஏறுவது என்று பார்ப்பது என்றைக்கும் அவள் வேலை. அவள் ஏறுவாள், பின்னாலேயே நான் ஏறுவேன். வேறு பெட்டிக்கு மாறி நின்றுகொண்டே போனேன். ஷா ஆலம் தாண்டியும் போன் வரவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

கிள்ளானில் புடவைக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒரு சின்ன உணவுக்கடைக்கு முன்னால் நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, உள்ளிருந்த அம்மாள், "அங்கிள் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படிச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கேட்டதும் உள்ளே போனேன். உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன்.

"தனியா வந்தீங்களா? ஆன்டி எங்க?"

"ரூம்ல தூங்குறா."

"அவங்க பசியாறிட்டாங்களா?"

தெரியாது என்றேன். முந்தின ராத்திரி அவள் என்ன சாப்பிட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்ப அவங்களுக்கு புட்டுமாயம் புங்குஸ் பண்ணவா?"

புங்குஸ் என்றால் பொட்டலம் என்று பக்கத்து மேசையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவளுக்குப் புட்டு பிடிக்கும். சரி, கட்டுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பினேன். கோபித்துக்கொண்டு போனவன் கையில் பொட்டலத்தோடு வருவது கேவலமாகத்தான் இருந்தது.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்னங்க இது?"

"புட்டு."

"இது இடியாப்பம்."

எட்டிப் பார்த்தேன். இடியாப்பம்தான். இந்த ஊரில் அதற்குத்தான் புட்டுமாயம் என்று பெயர் போலிருக்கிறது. பக்கத்தில் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும். அவள் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"உன்னைக் கேக்காம அவன்கிட்ட சரின்னு சொன்னது தப்புதான். அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான நீ பேசமாட்டேங்குற?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டு முடித்தாள். "என்னையத்தான் முதல்ல கேட்டாங்க" என்றாள்.

"யாரு?"

"ரெண்டு பேருந்தான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே மெல்பர்னுக்கு வந்துருங்கன்னு பொண்ணு சொன்னா. நான்தான் அப்பாவை டோக்கியோவுக்குக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். ஒரு பச்சைப்பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு இன்னொரு பிள்ளையையும் என்னால பாக்க முடியாது. மூணு மாசம் என்னைய யாரும் அது எங்கே இருக்கு, இது எங்கே இருக்குன்னு கேக்காம இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் நான் குற்றவாளிக் கூண்டில் நின்றதெல்லாம் வீண். கூண்டே என்னுடையது இல்லை.

"அப்ப நான் உனக்குப் பாரமா?"

"பாரம்னு சொல்லலை. வேலைன்னுதான் சொல்றேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அன்று முழுக்க நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடி உறையை ஒரு மணி நேரம் நானே தேடினேன். வீம்புதான். அவள் போர்வைக்குள்ளிருந்து, "தலகாணிக்குப் பின்னாடி" என்றாள்.

மறுநாள் அவளுக்குக் காலை விமானம், எனக்கு மதியம். விமான நிலையத்தில் அவளுடைய விமானத்துக்கான வாசல் வரைக்கும் கூடப் போனேன். உறையூர்க் கைத்தறிப் புடவையும் காலில் ஷூவுமாக வரிசையில் நின்றாள். "சால்வை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். தலையசைத்தாள். பரிசோதனைக்குப் பெட்டியை வைத்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். குளிர்சாதனக் காற்று எலும்பைத் தொட்டது. ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனை எடுத்துவிட்டேன். பெயரை அழுத்தும் முன் கையை இழுத்துக்கொண்டேன். பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மாத்திரை, சார்ஜர், பேரனுக்கு அவள் வாங்கிய மரப்பொம்மை, எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்வெட்டர். மாட்டிக்கொண்டும் குளிர் போகவில்லை. அப்போது போன் அடித்தது.

"என்ன, ஒரு போனையும் காணோம்?" என்றாள். "எதையாவது தேடுறீங்களா?"

"ஸ்வெட்டர் தேடினேன். நானே எடுத்துட்டேன்."

"வேற?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது, அம்மாவுக்கு ஏங்கும் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தை.

"எனக்கு உன்னையத் தேடுது" என்றேன்.

அந்தப் பக்கம் விமானத்துக்கு ஆட்களை அழைக்கும் அறிவிப்பு கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு முந்தாநாளே தேட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். "அதான் போர்வைய விட்டு வெளிய வரலை."