பொழுதுபட்டால் இறங்கும் கொடி

கொழும்பில் அரசாங்க சபைக் கட்டடத்தின் கொடிமரத்தில் காலையில் கொடியேற்றி, பொழுதுபட இறக்குவது காத்தான்குடி அசனாரின் வேலை. 1932 முதல் பதினைந்து வருடம் செய்தார். கடற்காற்றில் அந்தத் துணி படபடத்த சத்தம் ஊர் திரும்பிய பிறகும் காதில் கேட்டதாகச் சொல்வார்.

முதல் நாளே அந்த வேலை போகப் பார்த்தது.

ஏற்று என்றார்கள், ஏற்றினார். பொழுதுபட்டும் கொடி மேலேயே நின்றது. தலைமைப் பியோன் நல்லரத்தினம், அமிர்தகழிக்காரர், ஓடி வந்தார்.

“ஏன் காணும் கொடிய இறக்கல்ல?”

“சபைக் கூட்டம் இன்னும் முடியல்லயே ஐயா.”

“அது முடிய ஒரு மாசம் செல்லும்.”

“அப்ப ஒரு மாசத்தால இறக்குவம்.”

அசனார் அறிந்தது ஊர்ப் பள்ளிவாசலின் கந்தூரி விழாக் கொடியை. ஏறினால் பன்னிரண்டாம் நாள்தான் இறங்கும். இடையில் இறக்கினால் ஊருக்கு ஆகாது. அதன் கயிற்றைப் பிடிப்பது அவர் குடும்பத்து உரிமை. வாப்பா மௌத்தானதால் அந்த வருடம்தான் மூத்த மகனான அசனாரின் கைக்கு வரவிருந்தது. கந்தூரிக்கு லீவு கேட்டுக்கொண்டே வேலையில் சேர்ந்திருந்தார்.

தன் ஊர் மாமாங்கக் கோயில் திருவிழாக் கொடியும் அப்படித்தான் என்று நல்லரத்தினம் துரையிடம் இங்கிலீசில் எடுத்துச் சொன்னார். வேலை பிழைத்தது, தண்டனையாகக் கந்தூரி லீவு போனது. கயிறு தம்பி றவூபின் கைக்குப் போயிற்று. கை மாறிய கயிற்றைத் திரும்பக் கேட்பது ஊரில் வழக்கமில்லை. அசனாரும் கேட்கவில்லை. கந்தூரி மாதத்தில் மட்டும் சபைக் கொடியைச் சற்று மெதுவாக ஏற்றுவார் என்று நல்லரத்தினம் பகிடி பண்ணுவார். ராசாவின் முடிசூட்டு விழாவுக்குத் தூணுக்குத் தூண் கொடி கட்டியபோது, அவ்வளவையும் பொழுதுபட முன் இறக்கிப் பிழையில்லாமல் மடித்தவரும் அசனார்தான்.

1947இல் ஓய்வுபெற்று ஊர் வந்தார். அந்த வருடக் கந்தூரியில் சனம் நெருக்கி நிற்க, றவூப் அண்ணனிடம் கயிற்றை நீட்டினார்.

“எனக்குக் கை நோகுது காக்கா. நீங்க புடிங்க.”

றவூபின் கைக்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அசனார் வாங்கி ஏற்றினார். வாவிக் காற்றில் கொடி விரிந்தது.

அன்று பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவர் எழுந்து போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். றவூப் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“காக்கா, இது சபை இல்ல. உடுங்க.”

அசனார் விட்டார். பன்னிரண்டு நாளும் பொழுதுபடும் நேரத்தில் கொடிமரத்தடிக்குப் போனார். கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றார்.