சூரியனுக்கு ஒரு நாள் லீவு

நான் பார்க்கும் வேலையை வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. ஓர் ஆலையின் கணினி சொல்வதை இன்னோர் ஆலையின் கணினி பிசகாமல் புரிந்துகொள்ள, எது இயந்திரம், எது ஆள், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று வரையறுத்துக் கொடுப்பது. ஆன்டாலஜி என்று பெரிய பெயர். கணினிகளுக்குச் சம்பந்தம் பேசும் தரகு வேலை என்பேன் நான்.

ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. உற்பத்தி விவரமெல்லாம் நேராக எங்கள் கணினிக்கு வந்தால்தான் லோடு எடுப்போம் என்று சரக்கு வாங்கும் சென்னை நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டதால் ஆலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வேலையையும் ஓர் இயந்திரமோ ஆளோ செய்தே தீர வேண்டும் என்பது சென்னைக்காரர்கள் விதி. கிழங்கு அரைக்க, வறுக்க எல்லாம் இயந்திரம் இருந்தது. காயவைக்க? சிமெண்ட் களமும் வெயிலும்தான். ‘இயந்திரம்: சூரியன்’ என்று போட்டேன். சென்னைக் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஒரு நாள் கொல்லிமலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. களத்துப் பெண்கள் ஓடியோடிக் குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். மறுநாள் காயவைத்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிய பிறகு சென்னைக் கணினி அனுமதி மறுத்தது. இயந்திரம் ஒரு நாள் நின்றிருக்கிறது, பழுது பார்த்த மெக்கானிக் யார் என்று கேட்டது.

முதலாளி போனில் அலறினார். “ஏனுங்க, சூரியனுக்கு மெக்கானிக்க எங்கீங்க போய்த் தேடறது? இந்த லோடு நின்னா அடுத்த ஆர்டர் கெடையாதுங்க. ஆலைய இழுத்து மூட வேண்டியதுதான்.”

ஓடினேன். களத்து ஓரத்தில் உட்கார்ந்து, சூரியனை இயந்திரத்திலிருந்து ஆளாக மாற்றினேன். ஆள் லீவு போட்டால் மெக்கானிக் கேட்கமாட்டார்கள். உடனே அனுமதி வந்தது, லாரி கிளம்பியது. முதலாளி கும்பிட்டது என்னையா வானத்தையா, தெரியவில்லை.

ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அதுக்கே லீவு குடுத்துட்டீங்க. எங்க பேர்லயும் ஒரு நாள் போட்டுடுங்க சாமி.”

நானும் சிரித்தபடி கணினியில் அவர்கள் பெயரைத் தேடினேன். ஆட்கள் பகுதியில் மேனேஜர், சூப்பர்வைசர், புதிதாகச் சேர்ந்த சூரியன். களத்துப் பெண்கள் ஒருவரும் இல்லை. சென்னையிலிருந்தே நிரப்பி வந்த இன்னொரு பகுதியில், தள்ளுவண்டிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே, ‘சரக்கு நகர்த்தும் சாதனங்கள்’ என்பதற்குக் கீழே இருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“என்னுங்க, நாங்க இருக்கறமா?” என்று கேட்டார் அக்கா.

“இருக்கீங்கக்கா. கொஞ்சம் இடம் மாத்தணும்,” என்றேன்.