தோல் என்று சொல்லித்தான் வாங்கினேன்

பழைய தையல் மெஷின் பார்க்கப் போகும்போதெல்லாம் என் பையில் சில தோல் துண்டுகள் இருக்கும். ஒன்று மெல்லியது, கையுறைக்கு ஆகும். ஒன்று பெல்ட் கனம். மற்றவை மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டின் முழங்கைக்குப் போடுகிற எருமைத் தோல். கூடவே தடித்த நைலான் நூல் ஒரு உருண்டை, அதற்கேற்ற ஊசி. மெஷின் விற்கிறவர்கள் தங்களிடமே ஒரு துண்டுத் துணி வைத்திருப்பார்கள். அதை இரண்டாக மடித்து, கடகடவென்று ஓட்டிக் காட்டி, "பாருங்க, தையல் முத்து மாதிரி" என்பார்கள். துணியில் எந்த மெஷினும் முத்து மாதிரிதான் தைக்கும்.

இது பிழைப்புக்காக இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேணிகுண்டா பக்கம் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். சித்தூரிலிருந்து பைக்கில்தான் போய் வருகிறேன். சந்திரகிரி அருகே மணல் கொட்டிக் கிடந்த ஒரு வளைவில் ஒருமுறை சறுக்கி விழுந்தேன். ஜாக்கெட்டின் முழங்கை கிழிந்தது, என் முழங்கை தப்பியது. அந்தக் கிழிசலைத் தைத்துக் கொடுக்க ஊரில் எந்த டெய்லரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி உடையும் என்றார்கள். ராணிப்பேட்டைக்குப் போய்த் தோல் துண்டுகளை எடைக்கு வாங்கிவந்து, போனில் வீடியோ பார்த்து, குத்தூசியால் நானே தைத்தேன். மொத்தையாகத்தான் வந்தது. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. அடுத்து கையுறை, பெட்ரோல் டேங்க் மேல் கட்டுகிற பை, கூட வேலை செய்கிறவனுக்கு முழங்கால் காப்பு. கையால் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் வெடித்த பிறகுதான் மெஷின் யோசனை வந்தது.

எங்கள் வீட்டில் தோல் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. நைனாவின், அதாவது என் அப்பாவின், முன்னோர்கள் தோல் பதனிடும் கொட்டகையில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்று வேலை பார்த்தவர்கள். அவர் சொந்த ஊரை விட்டுச் சித்தூருக்கு வந்து மிஷன் ஸ்கூலில் வாட்ச்மேன் ஆனபோது அந்தச் சொல்லையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கால் செருப்புகூட ரப்பர்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், டிகிரி வாங்கி, கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டவன் நான். அந்தக் கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நான் தோல் துண்டைக் கையில் எடுக்கிறபோதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மெஷின் பேச்சை எடுத்ததும் அவர் திட்டவில்லை. ஒரு வழி சொன்னார்.

"எங்க போய் கேட்டாலும் சீட் கவர் தைக்கன்னு சொல்லு. ரெக்சினுன்னு சொல்லு."

"இன்னாத்துக்கு நைனா?"

"இன்னாத்துக்கா? சொல்றவனுக்கும் மானம் மிஞ்சும், கேக்குறவனுக்கும் மிஞ்சும். மெஷினுக்கா தெரியப் போவுது?"

"மெஷினுக்குத்தான் நைனா தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை. ரெக்சின் ஊசிக்கு வழிவிடும். தோல் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மெஷினில் அடியில் இருக்கிற பல் மட்டும்தான் சரக்கை நகர்த்தும், மேலே இருக்கிற கால் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். தோலை மடித்துக் கொடுத்தால் அடி மடிப்பு போய்விடும், மேல் மடிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். தோலுக்கு அந்த மேல் காலும் கூடச் சேர்ந்து நடக்க வேண்டும். வாக்கிங் ஃபுட் என்பார்கள். துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். ரெக்சினில் ஓட்டிப் பார்த்து வாங்கிய மெஷின் வீட்டுக்கு வந்து தோலில் படுத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? சீட் கவருக்கு என்று சொல்லி வாங்கினவன் தோலைக் காட்டிச் சண்டை போட முடியுமா? அதனால், போகிற இடத்தில் தோல் என்று சொல்லி, தோலை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அதற்குள் நைனாவே ஒரு மெஷினைப் பேசி வைத்துவிட்டார். எங்கள் சர்ச் சபையின் மூப்பர் ஒருவர் சித்தூரில் சீட் கவர் கடை வைத்திருக்கிறார். அவர் பார்த்துச் சொன்னதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைப் பை பிடிக்கிற பொறுப்பு நைனாவுக்குக் கிடைத்தது. கோயிலில் முன்வரிசை வரைக்கும் நடந்துபோக நைனாவுக்குக் கிடைத்த ஒரே காரணம் அந்தப் பைதான். மூப்பர் தன் பழைய மெஷின் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"வா தம்பி. சீட் கவர் கடை போடப் போறியாமே, நைனா சொன்னாரு. வேலைல இருந்துக்கினே சைடுல ஒண்ணு வெச்சிக்கிறது நல்லதுதான்" என்றார் மூப்பர்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் அடுக்கி வைத்திருந்த கார் சீட் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூப்பர் கறுப்பு ரெக்சினை மடித்து வைத்து பெடலை மிதித்தார். மெஷின் சீறிக்கொண்டு ஓடியது. கோடு போட்ட மாதிரி தையல். "பாத்தியா, எப்டி போவுது" என்றார் நைனா. அவர் முகத்தில் வேலை முடிந்துவிட்ட நிம்மதி.

"ஐயா, இத்த ஒருவாட்டி வெச்சிப் பாக்குறேன்" என்று நான் பையைத் திறந்தேன்.

மூப்பர் துண்டைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோகவில்லை, அதற்கு அவசியமில்லை. "இன்னாபா இது, தோலா?"

"தோலுதான் ஐயா. எனுக்கு மெஷினு தோலு தைக்கத்தான். சீட் கவருக்கு இல்ல."

நான் ஊசியை மாற்றி, என் நூலைக் கோத்து, எருமைத் தோலை மடித்து வைத்தேன். மெதுவாக மிதித்தேன். அது மெதுவாகப் போகத் தெரியாத மோட்டார். தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு ஓடி, நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டு, அடியில் நூலைக் கொத்தாகச் சுருட்டி வைத்தது. மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விலகி நின்றன.

"நல்ல மெஷினுதான் ஐயா," என்றேன், "சீட் கவருக்கு."

மூப்பர் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. "உங்க பெரியவங்க அதுல இருந்து ஏறி வர்றதுக்கு எவ்ளோ பாடுபட்டாங்க. படிச்சிட்டு நீ மறுபடியும் அங்கியே இறங்குற."

"இறங்கல ஐயா. அவங்களுக்கு அத்த வுட்டா வேற வேலை இல்ல. எனுக்கு வேற வேலை கீது. இது எனுக்குப் புடிச்சிக்கீது, அதான் செய்றேன்."

"புடிச்சிக்கீதுன்னு சாக்கடைல இறங்குவியா?"

"சாக்கடைன்னு நீங்க சொல்றீங்க. நான் ஜாக்கெட்டுன்னு சொல்றேன்."

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நைனா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "நாலு பேர் முன்னால என்னைப் பொய்யன் ஆக்கிட்ட."

"நாலு பேர் இல்ல நைனா. அவரு ஒருத்தருதான்."

"அந்த ஒருத்தருதான்டா நாலு பேரு."

அவர் சொன்ன பொய்களின் மேல்தான் நான் நிற்கிறேன், அது எனக்குத் தெரியாததல்ல. வாடகைக்கு வீடு கேட்டபோது சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, குடும்பத் தொழில் என்ன என்று யாரோ கேட்டதற்குச் சொன்னார். அந்தப் பொய்கள் இல்லாமல் என் கழுத்துக்கு ஐடி கார்டு வந்திருக்காது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் சொத்து மாதிரி அதை என் பெயருக்கு எழுதி வைத்தால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா கோயிலுக்கு வரவில்லை. காணிக்கைப் பையை வேறு ஒருவர் பிடித்தார். நான் போய் நைனா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாட்டெல்லாம் பாடிவிட்டு வந்தேன். மூப்பர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

அடுத்து திருப்பதி. ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய மெஷின் விற்கிற ஒரு குடோன். மூடிப்போன ஒரு பேக் கம்பெனியிலிருந்து வந்த வாக்கிங் ஃபுட் மெஷின் ஒன்று கிடக்கிறது என்று போனில் படம் பார்த்துவிட்டுப் போனேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்காரர் நெற்றியில் நாமம், வாயில் தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு.

மெஷினை முதலில் கையால்தான் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் எங்கும் தட்டாமல் சுற்றியது. ஊசிக் கம்பியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமில்லை. மேல் காலும் அடிப் பல்லும் ஜோடியாக எழும்பி ஜோடியாக இறங்கின. மோட்டார் மட்டும் வேகக்காரன். அதை மாற்றிக்கொள்ளலாம்.

"ஏமி குட்டுதாவு பாபு? இன்னா தைப்ப?"

"தோலு அண்ணா. பைக் ஓட்டும்போது போடுற ஜாக்கெட்டு, கையுறை."

பையிலிருந்து துண்டுகளை எடுத்தேன். அவர் கை குறுக்கே வந்தது.

"ரெக்சின் தரேன், அத்த வெச்சிப் பாரு பாபு. இன்னைக்கு சுக்ரவாரம்."

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு சனிக்கிழமை. திருப்பதில சனிக்கிழமைன்னா இன்னான்னு தெரியாதா?"

"திங்கக்கிழமை?"

"சோமவாரம் சிவனுக்கு."

"அப்போ தோலுக்குன்னு ஒரு நாளும் இல்லியா அண்ணா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "டேபிளோட வெளிய தள்ளித் தரேன். ரோட்டுல வெச்சிப் பாத்துக்கோ."

"வேணாம் அண்ணா. அது நிக்கிற எடத்துல வெச்சிதான் பாப்பேன்."

"எனக்கு பாவம் சுத்திக்கும் பாபு."

சுவரோரம் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய மெஷின் ஒன்று நின்றது. சக்கரத்தில் மஞ்சள், குங்குமம், அன்றைய பூ. அதற்கு மேலே சுவர் ஆணியில், அந்த மாதிரி மெஷின்களுக்குப் போடுகிற வாரெல்லாம் சுருள் சுருளாகத் தொங்கியது.

"அந்த மெஷினுக்குப் பொட்டு வெச்சிக்கீறீங்களே, அதும் சக்கரத்த சுத்திக்கினு கீதே வாரு, அது இன்னாது அண்ணா?"

அவர் திரும்பிப் பார்த்தார். தோல் வார். அவருக்குத் தெரியாததா? அவர் விற்பதே அதைத்தான்.

"அது பார்ட்டு" என்றார்.

"எந்த எருமையோட பார்ட்டு?"

கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாதம் பண்ணத்தான் படிச்சியா நீ?"

"எங்க வீட்ல மொத மொத படிச்சவன் நான்தான் அண்ணா. வேற எதுக்குப் படிச்சேன்?"

அவர் எழுந்துபோய் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துவந்து மெஷின் மேடையில் விரித்தார். "இதும்மேல வெச்சிப் பாரு." நான் அதை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். பேப்பர் போட்டால் அடிப் பல் தோலைப் பிடிக்கிறதா என்பது தெரியாது. அதைச் சொன்னேன். அது காரணத்தில் பாதிதான், மீதிப் பாதி அவருக்கே புரிந்திருக்கும். செய்தித்தாளை வாங்கிக்கொண்டு, "பசுவா, எருமையா?" என்று கேட்டார்.

"எருமை."

"சரி கானிவு, வெச்சிப் பாரு" என்று தள்ளி நின்றார்.

தோலை மடித்து, அதன்மேல் இன்னொரு மடிப்பு வைத்து, காலைத் தூக்கி உள்ளே நுழைத்தேன். மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினேன். ஊசி இறங்கியது, ஏறியது. கால் நடந்தது. மடிப்பு ஏறுகிற இடத்தில் மெஷின் முனகக்கூட இல்லை. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே தையல். விளிம்பு விலகவில்லை. கடைக்காரரும் குனிந்து பார்த்தார், தொடாமல்.

"இத்த எடுத்துக்கறேன் அண்ணா."

அவர் ஈரத்துணி கொண்டுவந்து மேடையைத் துடைத்தார். நான் போன பிறகு துடைத்திருக்கலாம். என் முன்னாலேயே துடைத்தார்.

"நல்லாத் துடைங்க அண்ணா," என்றேன், "எங்க வீட்டுக்குத்தான் வரப் போவுது."

துணியைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. இப்படிப்பட்டவரிடம் ஏன் வாங்கினாய் என்று பின்னால் ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். மெஷின் நன்றாக இருந்தது, வாங்கினேன். மரியாதை வாங்க நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

லக்கேஜ் ஆட்டோ சித்தூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நைனா வாசலில் இருந்தார். இறக்குவதற்கு ஒரு கை பிடித்தார். மெஷின் உள்ளறைக்குள் போகாத அகலம். தெருப்பக்க அறையிலேயே போட்டோம்.

"கதவ சாத்திக்கினு தைய்யி" என்றார். மூப்பர் கடையிலிருந்து திரும்பிய பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான் திறந்து வைத்துத்தான் தைக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் சாத்துவார். நான் எழுந்துபோய்த் திறப்பேன். ஒரு மாலையில் ஜெபக் கூட்டம் முடிந்து மூப்பரும் வேறு சிலரும் தெருவில் வந்தார்கள். ஜாக்கெட்டின் கைப்பகுதி மெஷினில் பாதி ஏறியிருந்தது. "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன். மூப்பர் தலையை அசைத்தாரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. போய்விட்டார்கள். உள்ளேயிருந்து நைனா வந்து கதவில் கை வைத்தார்.

வெளிச்சம் போய்விடும் நைனா என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான், அவரும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார், எங்கள் இருவருக்கும் மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் நான் கதவைத் திறந்து வைத்தது வெளிச்சத்துக்காக இல்லை.

"தெருவுக்குத் தெரியணும் நைனா" என்றேன்.

"தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் பெடலில் கால் வைத்தேன்.