வலது ஓரத்து ஓட்டக்காரி

உசிலம்பட்டிப் பக்கம் முதன்முதலில் பந்து உதைத்த பெண்பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இதைச் சொன்னால் இப்போது மைதானத்தில் ஆடுகிற பிள்ளைகள், "அக்கா, அப்பவே ஃபுட்பாலா?" என்று வாயைப் பிளக்கிறார்கள். அப்பவே என்றால் என்னவோ ராஜா காலம் மாதிரி. எனக்கு இன்னும் ஐம்பதே ஆகவில்லை, போங்கடி!

உண்மையில் நான் ஓட்டக்காரி. நூறு மீட்டர். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சாருக்குத் திடீரென்று பெண்கள் ஃபுட்பால் அணி ஆசை வந்தது. ஆள் கிடைக்காமல் கபடி ஆடுகிறவள், குண்டு எறிகிறவள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள் என்று வளைத்துப் பிடித்துப் பதினோரு பேராக்கினார். பையன்களின் பழைய பனியன், கீழே சுடிதார் பேண்ட். இதுதான் எங்கள் சீருடை. ஊர் ஆம்பளைகள் வேலியோரம் நின்று, "கலிகாலம்டா மாப்ள, பொட்டப்புள்ளைக பந்து எத்துதுக" என்று பேசுவார்கள். "நீங்க வந்து எத்துங்களேன் மாமா, மூச்சு இருந்தா!" என்று நான் ஓடிக்கொண்டே கத்துவேன். வாய் அன்றைக்கும் இப்படித்தான்.

என்னை வலது ஓரத்தில் நிறுத்தினார் சார். பந்தைக் கட்டுப்படுத்தவெல்லாம் எனக்கு வராது. முன்னால் தட்டிவிட்டால் துரத்திப் பிடிப்பேன், அவ்வளவுதான். அதிலும் கூட்டாளி பந்தை உதைப்பதற்கு முன்பே பாய்ந்துவிடுவேன். ஆஃப்சைடு என்று விசில் அடிக்கும். "ஏய், போறதுதான் போற, பந்தையும் கூட்டிட்டுப் போடி!" என்று என் கூட்டாளிகள் திட்டுவார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஓட்டத்தில் அந்தச் சிரிப்பு கிடையாது. அதில் நான் மட்டும்தான், என் மூச்சு மட்டும்தான். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காதம்மா, ஒண்ணப் பிடி" என்று அணியை உண்டாக்கின சாரே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மாநில அளவில் ஓட்டக்காரர்களைத் தேர்வு செய்யப் போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது, எந்த ஊரில் என்று வரவில்லை. தேர்வானால் விடுதி, சாப்பாடு, கல்லூரிப் படிப்பு, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா அடுத்தவர் காட்டில் களை எடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் காட்டுக்குப் போகாமல் பிழைக்கிற முதல் ஆளாக நான் ஆகியிருப்பேன். அம்மாவுக்கு ஓட்டம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் இது மட்டும் நன்றாகத் தெரியும்.

தேர்வுக்குச் சில வாரம் முன்பு மதுரையில் ஒரு ஃபுட்பால் ஆட்டம். என்னைவிட இரண்டு மடங்கு இருந்த ஒருத்தி குறுக்கே காலை வைத்தாள். கணுக்கால் பிசகி, சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பேர் என்னைத் தூக்கி ஏற்றினார்கள். வீட்டில் வாங்கப்போகிற திட்டை நினைத்துக்கொண்டே போனேன். அம்மா திட்டவே இல்லை. காலைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் சுடவைத்து உருவிவிட்டாள். பிறகு மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "எம்மகளுக்குக் கால நேராக்கிக் குடுத்துரு தாயி. இந்தப் பொங்கலுக்கு அவளே காப்புக் கட்டி முளைப்பாரி எடுப்பா" என்று நேர்ந்துகொண்டாள்.

வீக்கம் வற்றியது. நடந்தேன், பிறகு ஓடினேன். சாரும் வந்து பார்த்துவிட்டு, "பழைய வேகம் இருக்கும்மா" என்றார். அம்மா உச்சி குளிர்ந்துபோனாள். ஊரில் மாரியம்மன் பொங்கல் திருவிழா சாட்டியதும் முதல் ஆளாக என்னைக் கூட்டிப்போய்க் காப்புக் கட்டவைத்தாள்.

காப்புக் கட்டினால் என்ன வழக்கம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கறி, மீன் என்று கவிச்சி எதுவும் சாப்பிடக் கூடாது. வெளியூருக்குப் போகலாம், ஆனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். முளைப்பாரி கொண்டுபோய்க் கரைக்கும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அம்மா இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. என் போட்டிகள் எல்லாமே மதுரையில்தான் நடந்திருக்கின்றன. காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். இந்தத் தேர்வும் அப்படித்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். நானும்தான்.

அந்த வாரமே தேர்வு, அதுவும் சென்னையில் என்று சார் வந்து சொன்னபோது என் கையில் மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. அதைப் பார்த்ததும் சாருக்கு முகம் செத்துவிட்டது. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூசாரியிடம் ஓடினாள்.

"அண்ணே, இவளுக்கு அவுத்து எனக்குக் கட்டி விடுங்கண்ணே. நான் எடுக்குறேன் முளைப்பாரிய."

"சாமி காரியத்துல ஆள் மாத்துற வேலையெல்லாம் ஆகாது தாயி. ஊருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"அம்புட்டு தூரம் ஓடி வந்த புள்ளைண்ணே."

"சாமிய விட ஓட்டம் பெருசா?"

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். நான்தான் கயிற்றை அறுத்து எறியப்போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதாள். அவளுக்குச் சாமி மேல் பயம், எனக்கு அவள் அழுகை மேல் பயம். நான் போகவில்லை.

அந்த வாரம் ஒரு குறையும் இல்லாத காலோடு முளைப்பாரி சுமந்து நடந்தேன். "என்னா வேகமா நடக்குறா பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டப் போட்டிகளில் எப்போதும் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒருத்தி அந்தத் தேர்வில் ஜெயித்து இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். அவள் மீது பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். மறுவருடம் எனக்கு வயது தாண்டிவிட்டது. ஃபுட்பால் அணியும் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிக் கரைந்தது. எனக்கும் ஆயிற்று. மதுரை சிம்மக்கல்லில் நானும் வீட்டுக்காரரும் வாழைக்காய் வியாபாரம் செய்கிறோம். பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் டிவியில் நூறு மீட்டர் ஓடினால் சேனலை மாற்றிவிடுவேன். ஃபுட்பால் என்றால் பார்ப்பேன்.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். நானும் அவளும் இத்தனை வருடத்தில் அந்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். போன மாதம் அவளுக்கு முழங்கால் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண். நான் அம்மாவைத் தாங்கி உட்காரவைத்த விதத்தைப் பார்த்து, "நீங்க ஸ்போர்ட்ஸ் ஆளா மேடம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம்மக பெரிய ஓட்டக்காரி ஆத்தா. பந்தும் ஆடுவா."

"அப்படியா பாட்டி! எதுவரைக்கும் போனாங்க?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விட்ட வரைக்கும் போனா" என்றாள்.

'உன் மேல தப்பில்லம்மா' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் வரும்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அவளுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது.